காணாமல் போன ஆறு மாடுகள்: சிட்னி கௌபாஸ்ச்சர்ஸ் மந்தை பற்றிய நிகழ்வு ஆய்வு

1795 நவம்பரில் சிட்னிக்குத் தென்மேற்கே நேப்பியன் ஆற்றைக் கடந்து போன பிரிட்டிஷ் ஆளுநர் ஜான் ஹண்டர் எண்ணிய மாடுகள் 61. அதற்கு ஏழரை ஆண்டுகளுக்கு முன் சிட்னிக் குடியிருப்பிலிருந்து தொலைந்தவை 6. இடைப்பட்ட காலத்தில் அவற்றுக்கு யாரும் தீவனம் போடவில்லை, கன்றுக்கு யாரும் காவல் இருக்கவில்லை. அதே ஏழரை ஆண்டில், அரசாங்கத்தின் கண்காணிப்பில் இருந்த ஆடுமாடுகளோ செத்தும் திருடுபோயும் கொண்டிருந்தன.

ஆஸ்திரேலியக் குடியேற்ற வரலாற்றில் இது வழக்கமாக ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லப்படுகிறது. கால்நடை வளர்ப்பைத் தெரிந்தவர் கண்ணோடு பார்த்தால் அதில் மூன்று தனிக் கேள்விகள் இருக்கின்றன. மாடுகள் ஏன் தொலைந்தன? தொலைந்தவை ஏன் பெருகின? பெருகியவற்றை ஏன் திரும்பப் பிடிக்க முடியவில்லை?

தொலைந்த விதம்

சிட்னியில் குடியேற்றப் பிரிட்டிஷ் கைதிகளை ஏற்றிய, 11 கப்பல்கள் கொண்ட முதல் கப்பற்படை 1787 மே 13 அன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்பியது. வழியில் ஆப்பிரிக்காவின் தென்முனையில் உள்ள கேப் டவுனில் ஒரு மாதம் நின்றபோது மாடுகள் ஏற்றப்பட்டன. நீண்ட கொம்பும் தோளில் திமிலும் கொண்ட நாட்டு இனம் அது. காங்கேயம் காளையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. ஐரோப்பியப் பண்ணை மாட்டைவிட வெயிலும் காய்ந்த புல்லும் தாங்கக்கூடியது.

1788 மே 1 அன்று எடுத்த கால்நடைக் கணக்கில் பொலிகாளை 2, பசு 5, ஆண் குதிரை 1, பெண் குதிரை 3, குதிரைக் குட்டி 3, செம்மறி 29, வெள்ளாடு 19 என்று இருக்கிறது. பன்றியும் கோழியும் தவிர, ஆயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்களுக்கு இருந்த கால்நடை இவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு மாடும் பொன்னுக்குச் சமம்.

மேய்ச்சலுக்கு விட்ட இடம் ஃபார்ம் கோவ். இன்று சிட்னி அரசுத் தாவரவியல் பூங்கா இருக்கும் அதே கடலோரக் குடாப்பகுதி. அங்கே சுமார் 9 ஏக்கரில் தானியமும் போட்டிருந்தார்கள். மண்ணோ மணற்பாறை உதிர்ந்த மண், சத்தில்லாதது. அதில் முளைக்கும் கோரையும் முரட்டுப் புதரும் மாட்டின் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பில் ஒட்டாது. வேலி கிடையாது. யூகலிப்டஸ் மரங்களின் கடினத்தில் கோடாலிகள் மழுங்கின, ஆள் பற்றவில்லை, வீடு கட்டவே மரம் அறுத்து முடியவில்லை. இத்தனை மாட்டுக்கும் ஒரே ஒரு கைதி மேய்ப்பன்.

1788 ஜூன் தொடக்கத்தில் அவன் மாடுகளைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது இல்லை. 2 காளை, 4 பசு. சில பதிவுகளில் பசு 5. அதே நாட்களில் எட்வர்ட் கார்பெட் என்ற கைதி காட்டுக்குள் ஓடிப்போயிருந்ததால், மாடுகளை ஓட்டிப்போனது அவர்தான் என்ற சந்தேகம் எழுந்தது. பசி தாங்காமல் திரும்பி வந்தவர், திருட்டுக் குற்றத்துக்காக அதே மாதத்திலேயே தூக்கிலிடப்பட்டார். மாடு மட்டும் வரவில்லை.

பழியைச் சுமந்தது மேய்ப்பன். ஆனால் தேதியைப் பாருங்கள். தென்கோளத்தில் ஜூன் என்றால் குளிர்காலத் தொடக்கம், புல் வளர்ச்சி நிற்கும் நேரம். ஏற்கெனவே மட்டமான மேய்ச்சல், இப்போது அதுவும் குறைகிறது. பசித்த மாடு நடக்கத்தான் செய்யும். புது இடத்துக்குக் கொண்டுவந்த மாட்டை முதலில் கட்டிப் போட்டுத் தீனி காட்டிப் பழக்க வேண்டும். இரவில் பட்டியில் அடைக்க வேண்டும். முன்னே நடக்கும் பசுவின் கழுத்தில் மணி கட்ட வேண்டும், ஓடக்கூடிய காளைக்கு முன்னங்கால் தளை போட வேண்டும். ஒரு முழு மந்தையையும் ஒரே ஆளிடம் விடக் கூடாது. எந்தக் கிராமத்து மேய்ப்பனுக்கும் தெரிந்த சங்கதி. சிட்னியில் மாடு வளர்த்த அனுபவம் உள்ளவர்களே அரிது. கைதிகளில் பெரும்பாலோர் நகரத்துக்காரர்கள்.

பசி ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம்

அடுத்த இரண்டு ஆண்டுகள் பஞ்சம். கேப் டவுனிலிருந்து கால்நடையும் சரக்கும் ஏற்றி வந்த கார்டியன் கப்பல் 1789 டிசம்பர் 24 அன்று பனிப்பாறையில் மோதியது. கப்பலைக் காப்பாற்ற விலங்குகளைக் கடலில் தள்ளினார்கள். 1790 மார்ச் 19 அன்று சிரியஸ் கப்பல் நார்ஃபோக் தீவில் உடைந்தது. ஏப்ரலில் ஓர் ஆளுக்கு வாரப் படி 2.5 பவுண்டு மாவு, 2 பவுண்டு பன்றி உப்புக்கண்டம், 2 பவுண்டு அரிசி என்று இறங்கியது. மாடு இல்லாததால் ஏர் பூட்ட வழியில்லை. மண்வெட்டியால் கொத்தித்தான் விதைத்தார்கள். சாணம் இல்லாத மணல் மண்ணில் விளைச்சல் ஏமாற்றியது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். மாடுகள் தொலையாமல் இருந்திருந்தால் பஞ்சம் வந்திருக்காது என்று எழுதுவோர் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1790-ல் அந்த மந்தை கன்றோடு சேர்த்து 14, 15 உருப்படி இருந்திருக்கலாம். மொத்தத்தையும் வெட்டினாலும் கறி 1,500 கிலோ தேறினால் பெரிது. சிட்னியில் 600 பேர் என்று வைத்து, வாரம் ஆளுக்கு 900 கிராம் கொடுத்தால் மூன்று வாரத்துக்குள் தீர்ந்துவிடும். பட்டியில் இருந்திருந்தால் அந்த மூன்று வாரத்தில் வெட்டித் தின்றிருப்பார்கள், அல்லது அதற்கு முன்பே திருடன் தின்றிருப்பான். தொலைந்ததால்தான் பிழைத்தன.

ஏன் அங்கே போயின, ஏன் பெருகின

மந்தை நின்ற இடம் சிட்னியிலிருந்து தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டர், இன்றைய கேம்டன், மெனாங்கிள் வட்டாரம். கடலோர மணற்பாறை அங்கே கிடையாது. அடியில் இருப்பது களிக்கல், மேலே கனத்த களிமண். கங்காரு புல் எனப்படும் தீமெடா தரையை மூடியிருக்கும், மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். ஆற்றோரத்தில் வற்றாத குட்டைகள்.

முதலில் பார்த்த ஆங்கிலேயர்கள் இதைத் தம் நாட்டுக் கனவான்களின் பூங்காவுக்கு ஒப்பிட்டார்கள். பூங்காதான், ஆனால் தானாக முளைத்ததல்ல. தாராவல், குண்டுங்குரா, தாரக் என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அளவாகத் தீ வைத்து, புதரை அடக்கி, கங்காருவை இழுக்க இளம்புல் வளர்த்த வேட்டை நிலம். அந்த உழைப்பின் பலன் ஆப்பிரிக்க மாட்டின் வாய்க்குப் போனது.

மற்றக் காரணங்களும் உண்டு. வளர்ந்த மாட்டை வீழ்த்தும் வேட்டை விலங்கு அந்த வட்டாரத்தில் இல்லை. டிங்கோ நாய் கன்றைத் தூக்கலாம், ஆனால் கொம்புள்ள பசுக்கள் வட்டம் கட்டி நின்றால் அதுவும் கடினம். மாட்டு நோய்களும் மிகக் குறைவு. தொற்று நுரையீரல் அழற்சியே 1858-ல்தான் ஆஸ்திரேலியாவுக்குள் வந்தது. நேப்பியன் ஆறு ஒரு வேலி. அக்கரைப் புல் நன்றாக இருக்கும்வரை மந்தை திரும்பிக் கடக்கக் காரணமே இல்லை.

எண்ணிக்கை சொல்வது என்ன

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போடுவது பயனுள்ளது.

4 பசு, ஆண்டுக்கு ஓர் ஈற்று, கன்றுகளில் பாதி கிடாரி, தலைஈற்று மூன்றாம் வயதில், ஒரு சாவுகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். 1789 முடிவில் மந்தை 10, 1790-ல் 14, 1791-ல் 18. முதல் கிடாரிகள் ஈனத் தொடங்கும் 1792-ல் 24, பிறகு 32, 42. 1795 முடிவில் 55. ஹண்டர் எண்ணியது 61. சாவே இல்லாத கற்பனை மந்தையை நிஜ மந்தை மிஞ்சுகிறது.

1796 ஜூனில் மறுபடி எண்ணியபோது 94. ஏழே மாதத்தில் 33 கூடுதல். 61 உருப்படியில் பாதி ஆண். பெண்ணிலும் பல கன்றுகள். 33 கன்று ஈன 33 பசு எங்கிருந்து வரும்? ஆகவே முதல் எண்ணிக்கை குறைவானது. மலைச்சரிவில் மறைந்தவற்றை ஹண்டரின் குழு பார்த்திருக்காது. தலைஈற்றை இரண்டாம் வயதாக்கிப் பார்த்தால் 1795 முடிவில் 74, 1796 முடிவில் 101 வருகிறது. 94 அதற்குள் பொருந்துகிறது. கிடாரிகள் இரண்டு வயதிலேயே ஈன்றிருக்கின்றன, சாவு ஏறக்குறைய இல்லை. நல்ல மேய்ச்சலில் மட்டுமே நடக்கும் காரியம். தொலைந்த பசு 5 என்றிருந்தால் கணக்கு இன்னும் தளர்வாகும்.

அடுத்த பத்தாண்டில் வந்த மதிப்பீடுகளை இதே தராசில் நிறுத்தால் நம்ப முடியவில்லை. 1806 வாக்கில் மூவாயிரம், அதற்கும் மேல் என்றெல்லாம் சொன்னார்கள். 94-லிருந்து பத்தாண்டில் 3,000 ஆக வேண்டுமென்றால் ஆண்டுக்கு 41 விழுக்காடு பெருக வேண்டும். மாட்டால் அது ஆகாது. மிகச் சிறந்த நிலையில் 35 விழுக்காடு வைத்தாலும் 1,900-ஐத் தொடாது. 25 விழுக்காட்டில் 900-ஐக்கூடத் தொடாது. ஒரே மந்தையை வெவ்வேறு பள்ளத்தாக்கில் இரண்டு முறை எண்ணியிருப்பார்கள். மந்தை பெரிதாகத் தெரிவதில் பலருக்கு ஆதாயமும் இருந்தது.

கண்டுபிடிப்பு

வேட்டைக்குப் போன கைதிகளிடமிருந்து முதலில் செய்தி கசிந்தது. சிரியஸ் கப்பலில் பணிபுரிந்த ஹென்றி ஹேக்கிங் போய்ப் பார்த்து உறுதி செய்தார். பிறகு ஹண்டரே கிளம்பினார். கூடவே டேவிட் காலின்ஸ், ஹென்றி வாட்டர்ஹவுஸ், ஜார்ஜ் பாஸ்.

இவை எந்த மாடுகள் என்பதுதான் கேள்வி. 1788-க்குப் பிறகு கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் மாடுகள் சிட்னிக்கு வந்திருந்தன. 1795 மே இறுதியில் மட்டும் எண்டெவர் என்ற கப்பல் பம்பாயிலிருந்து சுமார் 130 உருப்படியை இறக்கியது. இந்திய மாட்டுக்கும் திமில் உண்டு, கேப் மாட்டுக்கும் உண்டு. கிட்டே போய்ப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. கிட்டே போனால் காளை பாய்ந்து வந்தது. பல குண்டுகள் வாங்கிய பிறகுதான் அது விழுந்தது. கொம்பையும் திமிலையும் உடலையும் சோதித்து, கேப் இனம்தான் என்று முடிவு செய்தார்கள்.

ஹண்டர் அந்த நிலத்துக்குக் கௌபாஸ்ச்சர் சமவெளி, அதாவது பசு மேயும் நிலம் என்று பெயரிட்டார். ஒரு குன்றுக்கு மவுண்ட் டாரஸ், காளை மலை. ஆங்கில வரைபடத்தில் அந்த நிலம் ஏறியதே மாட்டின் பெயரில்தான்.

காத்தது ஒரு கொள்கை, பிடிக்க முயன்றது இன்னொன்று

மந்தையைத் தொடாமல் பெருக விடுவது என்று ஹண்டர் முடிவெடுத்தார். கப்பல் வராத ஆண்டில் கைகொடுக்கும் உயிருள்ள களஞ்சியம் என்பது எண்ணம். அடுத்த ஆளுநர் பிலிப் கிட்லி கிங் இதைச் சட்டமாக்கினார். 1803 ஜூலையில் வந்த அறிவிப்பின்படி ஆளுநரின் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் நேப்பியனைக் கடக்கக் கூடாது. விடுதலையான கைதி ஜான் வார்பி காட்டு மாடுகளின் மேற்பார்வையாளரானார். ஆற்றைக் கடக்கும் துறையருகே ஒரு குடிசை, காவலர்கள். ப்ராஸ்பெக்ட் குன்றிலிருந்து அந்தத் துறைக்கு 1805-ல் ஜேம்ஸ் மீஹன் அளந்த தடம்தான் கௌபாஸ்ச்சர் சாலை ஆனது. மேற்கு சிட்னியில் வாழும் தமிழர்கள் இன்றும் கார் ஓட்டிச் செல்லும் சாலைப் பெயர் அது.

சட்டம் போட்டாயிற்று. கறியை எப்படி எடுப்பது? கிங் காட்டுக் காளைகளைச் சுட்டு உப்புக்கண்டம் போட முயன்றார். பலன் செலவுக்கு ஈடாகவில்லை. ஏன் என்பது உப்புக்கண்டம் போட்டவருக்குப் புரியும். ஓடவிட்டுச் சுட்ட விலங்கின் கறி விரைவில் கெடும். உடம்பு சூடேறியிருக்கும், இரத்தமும் முழுதாக வடியாது. உப்பு எலும்புவரை இறங்குவதற்குள் எலும்பை ஒட்டிய சதையில் நாற்றம் தொடங்கிவிடும். கோடையில் அதைத் தடுக்கவே முடியாது. வெட்டிய இடத்திலேயே உப்பும் பீப்பாயும் இருக்க வேண்டும், அல்லது வண்டி போகும் பாதை வேண்டும். அப்போது இரண்டும் அரிது. கிழட்டுக் காளையின் கறியில் கொழுப்பும் இல்லை.

உயிரோடு பிடிப்பதற்கு வேறு தடைகள். குதிரைகள் குறைவு. மந்தை ரேஸர்பேக் மலைமுகட்டுப் பக்கம் ஒதுங்கினால் குதிரை ஏறாது. நாய் விட்டுத் துரத்தினால் மந்தை சிதறும். சிதறிய மந்தை அடுத்த முறை மனித வாடை பட்டாலே ஓடும். ஒவ்வொரு தோல்வியும் மாட்டுக்கு ஒரு பாடம்.

காட்டு மாட்டைப் பிடிக்கும் முறை துரத்துவது அல்ல, சேர்ப்பது. நீர்த்துறைக்குப் போகும் தடத்தில், மாட்டின் தலைக்கு மேல் உயரும் கனத்த மரப் பட்டியைக் கட்ட வேண்டும். வாசலிலிருந்து இரு பக்கமும் விரிந்து போகும் வேலிச் சிறகுகள் நீளமாக, தொடக்கத்தில் கண்ணில் படாதபடி இருக்க வேண்டும். பழகிய மாடுகள் சிலவற்றை ஓட்டிப்போய்க் காட்டு மந்தையோடு கலக்க விட்டு, அவை அமைதியானதும் மொத்தமாக மெல்லத் திருப்ப வேண்டும். பழகியவை முன்னே பட்டிக்குள் நுழைந்தால் மற்றவை பின்தொடரும். உள்ளே வந்ததும் கன்றுகளைப் பிரித்துச் சூடு போட்டு, தாயைக் கன்றோடு கட்டி வைத்துப் பழக்க வேண்டும். முதிர்ந்த காளை பழகாது, அதைக் கறிக்குத்தான் கழிக்க வேண்டும். இதற்குப் பட்டி, பழகிய மாடு, பொறுமையான ஆட்கள் என மூன்றும் ஒரே நேரத்தில் தேவை. ஆளுநர் லாக்லன் மக்குவாரியின் காலத்தில்தான் இவை கூடிவந்தன. 1815-ல் அவர் காடர் என்று பெயரிட்ட இடத்தில் அரசு மந்தையும் பட்டிகளும் நிலைபெற்றன.

மாடு காட்டிய வழியில் மனிதன்

இந்த நிகழ்வின் எடை இருப்பது கறியில் இல்லை என்பது எங்கள் கருத்து. ஒரு நிலம் கால்நடைக்கு ஏற்றதா என்று அறியப் பல ஆண்டுச் சோதனை தேவை. அந்தச் சோதனையைச் செலவே இல்லாமல் ஆறு மாடுகள் செய்து காட்டிவிட்டன. அந்தச் சோதனையின் முடிவை வாசிக்கத் தெரிந்தவர் முன்னாள் ராணுவ அதிகாரியும் பண்ணையாருமான ஜான் மக்கார்த்தர். மெரினோ செம்மறிக் கம்பளித் திட்டத்தை லண்டனில் முன்வைத்தவர், குடியேற்ற அமைச்சர் கேம்டன் பிரபுவின் உத்தரவோடு 1805-ல் திரும்பினார்: 5,000 ஏக்கர் உடனே, கம்பளி வெற்றி பெற்றால் இன்னும் 5,000. அவர் கேட்ட இடம் கௌபாஸ்ச்சர்ஸ்.

கிங் தயங்கினார். அரசு மந்தையின் நிலத்தில் தனியார் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் உத்தரவு லண்டனிலிருந்து வந்தது. மாட்டைக் காக்க மூடி வைத்த நிலத்தில் முதலில் திறந்த வாசல் அது. கூடவே வந்த வால்டர் டேவிட்சனுக்கும் 2,000 ஏக்கர். நிலம் தனியார் கைக்குப் போகப் போக, காட்டு மந்தை களஞ்சியம் என்ற மதிப்பை இழந்து தொல்லையானது. காட்டுக் காளை பண்ணைப் பசுவைக் கூட்டிப் போகும், செம்மறியின் புல்லைத் தின்னும், மாட்டுத் திருடனுக்கு மறைவு கொடுக்கும். 1820-கள் முடிவதற்குள் மந்தை ஒழிந்தது.

அந்த நிலத்தின் மக்களுக்கு இதன் விலை வேறு. அனுமதிச் சீட்டுச் சட்டம் மாட்டுக்காகப் போடப்பட்டது என்றாலும், சில ஆண்டுகள் வெள்ளையர் குடியிருப்பையும் ஆற்றுக்கு அப்பால் நிறுத்தி வைத்தது. சட்டம் தளர்ந்ததும் பண்ணைகள் நெருங்கின. 1814-ல் மோதல்கள் வெடித்தன. 1816 ஏப்ரல் 17 அதிகாலையில் கேப்டன் ஜேம்ஸ் வாலிஸின் படை ஆப்பின் என்ற ஊருக்கருகே பூர்வகுடி மக்களில் குறைந்தது 14 பேரைக் கொன்றது. பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. அந்தப் படைக்கு வழிகாட்ட அனுப்பப்பட்டவர்களில் காட்டு மாடுகளின் பழைய மேற்பார்வையாளர் வார்பியும் ஒருவர். கூட இருந்த பட்பரி, பண்டில் என்ற இரு தாராவல் வழிகாட்டிகள் நழுவிப்போக அவர் இடம் கொடுத்தார். பிறகு தாமும் ஒத்துழைக்கவில்லை.

தாராவல் மக்கள் இந்த மாடுகளைப் பற்றி எழுத்தில் எதையும் விட்டுவைக்கவில்லை, ஆனால் வரைந்து வைத்தார்கள். கேம்பெல்டவுன் அருகே கென்ட்லினில் உள்ள ஒரு பாறைக் குடைவில் கரிக்கோட்டில் பெரிய காளைகள் இருக்கின்றன. பிளந்த குளம்பு, கனத்த உடல், ஆண் உறுப்பு எல்லாம் தெளிவு. கொம்பு மட்டும் இல்லை. கங்காருவை ஆயிரம் முறை வரைந்த கைகள் முதல் முறையாகக் குளம்பை வரைந்திருக்கின்றன. பின்னாளில் வந்தவர்கள் வண்ணம் தெளித்துக் கிறுக்கியதால், இப்போது குகை வாயிலில் இரும்புக் கம்பி அடைப்பு போட்டிருக்கிறார்கள்.